கச்சான் சுத்தின பேப்பரும் காகித ஆலையும்

கச்சான் வாங்கினால் நான் முதலில் வாசிப்பது சுருளைத்தான். மட்டக்களப்புப் பக்கம் வளர்ந்த எல்லாருக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் வரலாறு விடைத்தாள், மூலையில் சிவப்பு மையில் 34. யாரோ ஒரு கடைக்காரரின் பழைய பில். ரியூசன் வகுப்பு ரியூட்டில் பாதிக் கேள்வி, மீதிப் பாதி வேறு யாருடைய கச்சானைச் சுத்திக்கொண்டு போனதோ தெரியாது. வடை சுத்தி வருகிற பேப்பரிலும் இதே கதைதான், எண்ணெய் மட்டும் கூட. (அச்சு மை சாப்பாட்டில் படுவது நல்லதில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிப்போம்.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கலைப்பீடத்தில் நான் படிக்கிற புவியியல் பாடத்தில் 'வட்டப் பொருளாதாரம்' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. எடு, செய், பாவி, எறி என்று நேர்கோட்டில் போகிற தொழிற்துறையை வளைத்து, எறிந்ததையே மறுபடி மூலப்பொருளாக்குவது. அப்படிச் செய்தால் காபன் வெளியேற்றமும் குறையும் என்பது அடுத்த வரி. சிலைடில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம், நாலு அம்புக்குறி. ஆனால் விரிவுரை முடிகிற நேரம் அந்த வட்டம் எப்படியோ எங்களிடமே வந்து நிற்கும். குப்பையைப் பிரித்துப் போடுங்கள், பையைக் கொண்டு கடைக்குப் போங்கள், மாணவர்கள்தான் மாற்றத்தின் தூதுவர்கள்.

எனக்கு இதில்தான் இடிக்கும். எங்கள் வீட்டில் வருடக் கடைசியில் அம்மா அக்காவின் கொப்பிகளை எடுத்து, எழுதாத பக்கங்களைக் கிழித்து, நடுவில் ஊசிநூலால் தைத்து எனக்குத் தருவார். கணக்குச் செய்து பார்க்க அந்தக் கொப்பி. எழுதி முடிந்த பக்கங்கள் பழைய பேப்பர் யாவாரியிடம் கிலோவுக்குப் போகும். அவரிடமிருந்து கொஞ்சம் கச்சான் கடைக்குப் போகும், மிச்சம் லொறி ஏறும். பள்ளிக்கூடத்தில் தந்த இலவசப் பாடப்புத்தகத்தை அடுத்த வருடப் பிள்ளைக்குக் கொடுப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. பாவிக்கிறவர்களின் பக்கம் ஏற்கெனவே நன்றாக வளைந்துதான் கிடக்கிறது, அது வறுமையால் வளைந்தது என்றாலும். வட்டம் அறுந்து கிடப்பது வேறு இடத்தில். அந்த இடத்தை எங்கள் கம்பஸில் இருந்து வடக்கே பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் பார்க்கலாம். வாழைச்சேனை காகித ஆலை.

1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய அரசாங்க ஆலை அது. சுற்றிவர வயல், பக்கத்தில் தண்ணீர், ரயில் பாதை. வயலில் மிஞ்சுகிற வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்வது என்பதுதான் அன்றைய எண்ணம். 'வட்டப் பொருளாதாரம்' என்ற சொல் பிறக்க முன்னமே ஒரு அரசாங்கம் அறுவடைக் கழிவைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனது. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பு வந்தது, காகித நகர் என்றே ஒரு ஊர்ப்பெயர் இன்றைக்கும் இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பேரும் ஒரே ஷிப்டில் வேலை செய்த இடம்.

என்னுடைய பெரியப்பா அங்கே கூழ்ப் பகுதியில் வேலை செய்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தாராம். "வைக்கோல் லொறி வரிசையா நிக்கும் மகள். மணத்தக் கேட்டாத் தெரியும், பெக்டரி ஓடுதா நிக்குதா எண்டு" என்பார். மறுகா யுத்தம். மின்சாரம் இல்லை, ஆள் இல்லை, பாதை இல்லை. ஆலை கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும், பிறகு நீண்ட காலம் நின்றே போனது. 2020க்குப் பிறகு கழிவுத் தாளை வைத்து அதை மறுபடி ஓட்டுகிற முயற்சி நடந்தபோது பெரியப்பா வீட்டில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. அவருடைய மகனுக்கு வேலை கிடைக்கும் என்று. அண்ணா இப்போது கட்டாரில்.

எங்களுடைய வயதுக்காரருக்கு இந்த ஆலை ஏன் முக்கியம் என்பதை 2022 காட்டியது. நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். டொலர் இல்லாததால் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய முடியவில்லை. மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன, சனிக்கிழமை அச்சை நிறுத்தியவையும் உண்டு. எங்கள் ரியூசன் சேர் முதலில் ரியூட்டின் எழுத்தைச் சின்னதாக்கினார், பிறகு இரண்டு பக்கமும் அடித்தார், கடைசியில் பலகையில் எழுதிவிட்டு "போன்ல படம் எடுங்கோ" என்றார். போன் இல்லாத பிள்ளைகள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து எழுதினார்கள். அடுத்த வருடப் பாடப்புத்தகத்துக்கான தாளில் ஒரு பகுதி இந்தியக் கடனுதவியில்தான் வந்தது. வைக்கோலும் பழைய பேப்பரும் நிறைந்த ஒரு நாட்டில், காகித ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாங்கள் தாள் இல்லாமல் படித்தோம்.

இந்த இடத்தில் "ஆலையைத் திறந்தால் எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போகலாம். எழுதவும் ஆசைதான். ஆனால் இதைப் பற்றி வாசிக்க வாசிக்க அது அவ்வளவு லேசான விசயம் இல்லை என்று தெரிந்தது.

முதலில் வைக்கோல். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். மரத்தைக் கூழாக்குகிற ஆலைகளில் நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரிப்பார்கள். அதில் இருந்து சக்தியும் கிடைக்கும், போட்ட இரசாயனமும் திரும்பக் கிடைக்கும். வைக்கோல் ஆலையில் இந்தச் சிலிக்கா குழாய்களிலும் கொதிகலனிலும் படிந்து அடைத்துவிடும். அதனால் உலகம் முழுக்கச் சிறிய வைக்கோல் ஆலைகளுக்கு ஒரே நோய். கறுப்புத் தண்ணீரை எரிக்க முடியாது, சுத்திகரிக்கப் பணம் இல்லை, கடைசியில் அது ஏதோ ஒரு ஆற்றுக்குள் போகும். வயல் கழிவைச் சுழற்சியில் கொண்டுவந்து ஆற்றைக் கழிவாக்கினால் அதை என்ன வட்டம் என்பது? வாவியை நம்பி மீன் பிடிக்கிற குடும்பங்கள் உள்ள ஊரில் இது பெரிய கேள்வி.

அடுத்தது, வைக்கோல் உண்மையில் கழிவா? ஒரு கிலோ நெல்லுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வைக்கோல் வரும். வெட்டு மெசின் வந்த பிறகு அது வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, பெரும்போக அறுவடை முடிய நெருப்பு வைக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது அந்தப் புகை கண்ணை எரிக்கும். அதைப் பார்த்தால் "இவ்வளவையும் கடதாசியாக்கலாமே" என்றுதான் தோன்றும். ஆனால் அதே வைக்கோல்தான் மாட்டுக்குத் தீன், எங்கள் ஊர்த் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் இருக்கிற மாட்டுக்கு. மண்ணுக்குப் பொட்டாசியத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினபோது எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாக உறைத்தது. வைக்கோல் எல்லாவற்றையும் தொழிற்சாலைக்கு அள்ளிக்கொண்டு போனால் மண்ணின் வட்டத்தை அறுத்து ஆலையின் வட்டத்தை மூடின மாதிரி ஆகும்.

காகித நகரைப் பற்றித் தேடும்போது கூகுள் என்னைக் காகிதபுரத்துக்குக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு அரசின் காகித ஆலை 1980களின் நடுப்பகுதியில் இருந்து கரும்புச் சக்கையில் கடதாசி செய்கிறது. மரம் வெட்டாமல் கடதாசி என்பதற்கு உலகமே காட்டுகிற உதாரணம். ஆனால் சக்கை சும்மா கிடந்த பொருள் இல்லை. சீனி ஆலைகள் அதைத்தான் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. சக்கையைக் காகித ஆலை எடுக்கவேண்டும் என்றால் சீனி ஆலைக்குப் பதிலாக நீராவியோ எரிபொருளோ கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்ததில் பெரும்பங்கு நிலக்கரி. மரம் தப்பியது, நிலக்கரி எரிந்தது. (அதே ஆலை தன்னுடைய சுண்ணாம்புச் சேற்றையும் நிலக்கரிச் சாம்பலையும் சேர்த்துச் சீமெந்தும் செய்கிறது. அந்தக் கெட்டித்தனத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.)

எனக்கு இதில் இருந்து விளங்கியது, சுழற்சி வேறு, குறைந்த காபன் வேறு என்பது. இரண்டும் ஒரே வண்டியில் வரும் என்று சிலைடுகள் சொல்கின்றன. சில நேரம் வரும், சில நேரம் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கிவிடும்.

கழிவுத் தாளிலும் இதுதான். பழைய பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கி, பின், பிளாஸ்ரிக் எல்லாம் வடித்து, மையை நீக்கி, மறுபடி தாளாக விரித்துக் காயவைக்கிறார்கள். கூழ் தயாரிப்பதற்குப் புதிய மரத்தை விட மிகக் குறைந்த சக்தி போதும். ஆனால் ஈரத் தாளைக் காயவைப்பதற்குத்தான் கடதாசி ஆலையின் வெப்பத்தில் பெரும்பகுதி போகிறது. மரக் கூழ் ஆலைக்கு எரிக்க அந்தக் கறுப்புத் திரவமாவது இருக்கிறது, கழிவுத் தாள் ஆலைக்கு அதுவும் இல்லை. எண்ணெயோ நிலக்கரியோ வாங்கித்தான் எரிக்கவேண்டும். அதற்காகப் பேப்பரைக் குப்பை மேட்டில் போடுவது நல்லது என்று சொல்லவில்லை. அங்கே அது காற்றில்லாமல் அழுகி மெதேன் விடும், நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கிற வாயு. மீள்சுழற்சி செய்யத்தான் வேணும். எதை எரித்துச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கம் அதற்கு ஒரு விடை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. பொலன்னறுவையில் இருந்து அம்பாறை வரைக்கும் அரிசி ஆலைகள். நெல் அவிக்க அவர்களே உமியைத்தான் எரிக்கிறார்கள், அப்படியும் பல இடங்களில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். வைக்கோலைப் போல உமியை மாடும் தின்னாது, வயலுக்கும் யாரும் திருப்பிக் கொண்டுபோவதில்லை. உமியில் ஓடுகிற கொதிகலன், கழிவுத் தாள் கூழ், வெள்ளைத் தாளுக்கு ஆசைப்படாமல் முட்டை அட்டையும் பெட்டி மட்டையும் மண்ணிறக் கொப்பியும் செய்கிற ஒரு நடுத்தர ஆலை. பெரிய கனவு ஒன்றும் இல்லை. நார் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கட்டையாகும், ஐந்து ஏழு தடவைக்கு மேல் தாங்காது. அதனால் இந்த வட்டம் ஒருநாளும் முழுதாக மூடாது, எங்கேயோ இருந்து கொஞ்சம் புது நார் வரத்தான் வேணும். அதற்குக் கொஞ்சம் வைக்கோல் போதும்.

மண்ணிறக் கொப்பி என்றதும் அம்மம்மா சிரிப்பார். சிறிமா காலத்தில், இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த அந்த வருடங்களில், அவர்கள் எழுதினது அப்படிப்பட்ட கொப்பியில்தானாம். பேனா மை ஊறி மற்றப் பக்கம் தெரியுமாம். இன்றைக்குக் கடையில் கொப்பி வாங்குகிற தாய் முதலில் விரித்துப் பார்ப்பது எவ்வளவு வெள்ளை என்று. அந்த வெள்ளைக்குத்தான் மை நீக்குவதும் வெளிறச் செய்வதும் தண்ணீரும். தாயைக் குறை சொல்லவில்லை. இந்த நாட்டிலேயே அதிகமாகக் கடதாசி வாங்குகிற ஆள் அரசாங்கம். பாடப்புத்தகம், பரீட்சை வினாத்தாள், மூன்று பிரதியில் கேட்கிற விண்ணப்பப் படிவம். கேள்விப்பத்திரத்தில் "இத்தனை வீதம் மீள்சுழற்சி நார், இவ்வளவு வெள்ளை போதும்" என்று ஒரு வரி எழுதினால் அது ஆயிரம் விழிப்புணர்வுப் பதாகையை விட வேலை செய்யும். வாங்குவதற்கு ஒரு உறுதியான ஆள் இருந்தால்தான் எந்த ஆலையும் நிற்காமல் ஓடும். பரீட்சை மண்டபத்தில் மண்ணிறத் தாள் தந்தால் நாங்கள் எழுதமாட்டோமா என்ன?

வட்டம் என்ற சொல்லை வைத்து விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019 இல் கொழும்புத் துறைமுகத்தில் நாறின கொள்கலன்கள் ஞாபகமா? பிரித்தானியாவில் இருந்து பாவித்த மெத்தை, கம்பளம் என்று சொல்லிக் கொண்டுவந்தவை. திறந்து பார்த்தால் கலவைக் குப்பை. 263 கொள்கலன்கள், கடைசித் தொகுதி திரும்பிப் போனது 2022 பெப்ரவரியில். அதற்கு முதல் வருடங்களில் சீனா வெளிநாட்டுக் கழிவுக்குக் கதவைச் சாத்தியிருந்தது, அதனால் பணக்கார நாடுகளின் 'மீள்சுழற்சிப் பொருட்கள்' புது வாசல் தேடி அலைந்தன. ஒரு நாட்டின் வட்டம் இன்னொரு நாட்டின் துறைமுகத்தில் போய் முடிந்தால் அது வட்டம் இல்லை, நீளமான நேர்கோடு.

எங்களுடைய பழைய பேப்பரும் நீளமாகத்தான் பயணம் போகிறது. இந்த செமஸ்டர் நாங்கள் நாலு பேர் சேர்ந்து விடுதியிலும் வகுப்பிலும் கிடந்த அசைன்மென்ட், போட்டோ கொப்பி, பழைய ரியூட் எல்லாவற்றையும் சேர்த்தோம். இரண்டு உரப்பை நிறைந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை, சிலைடில் பார்த்த அம்புக்குறி எங்கே போய் முடிகிறது என்று பார்க்கத்தான். வாழைச்சேனையில் பழைய பேப்பர் எடுக்கிற ஒரு காக்காவிடம் கொண்டுபோனோம். அவருடைய தராசு தொங்குகிற கொட்டிலில் இருந்து பார்த்தால் ஆலைப் பக்கம் போகிற வீதி தெரியும். அவருடைய லொறி அந்த வீதியில் திரும்புவதில்லை, நீண்ட தூரம் ஓடிக் கொழும்புக்குப் போகிறது. புதுக் கொப்பி அதே தூரம் திரும்பி வருகிறது. டீசல் இரண்டு பக்கமும்.

அவர் எங்கள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்பைரலையும் பிளாஸ்ரிக் மட்டையையும் கழட்டித் தாங்க புள்ள. அங்க கழிப்பாங்க" என்றார். கழிப்பது என்றால் எடையில் குறைப்பது. ஈரம் இருந்தாலும் கழிப்பார்கள், பின் இருந்தாலும் கழிப்பார்கள். ஒரு மழை பெய்து பேப்பர் நனைந்தால் அவருடைய லாபம் போய்விடும். கொழும்பில் விலை விழுந்தால் இங்கே எங்களுக்குத் தருகிற விலையையும் குறைப்பார், ஆனால் ஏற்கெனவே வாங்கிக் கட்டி வைத்ததற்கு நட்டம் அவருக்குத்தான். மீள்சுழற்சி பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்த மனிதருக்கு ஒரு அம்புக்குறி இல்லை. பின் கழட்டுகிற வேலைக்கு அவர் வைத்திருக்கிற இரண்டு பெண்களுக்கும் இல்லை. நாங்கள் கீழே குந்தியிருந்து அவர்களோடு சேர்ந்து பின் கழட்டினோம். அரை மணித்தியாலத்தில் என்னுடைய பெருவிரல் நகம் எரியத் தொடங்கிவிட்டது. அவர்கள் காலையில் இருந்து செய்கிறார்கள்.

போகிற நேரம் கேட்டேன், ஆலை நல்லா ஓடினால் பேப்பரை அங்கே கொடுப்பீங்களா என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"காசு கையில தந்தாங்க எண்டா நாளைக்கே இறக்குவன். ரெண்டு மாசம் கழிச்சு செக் தாறம் எண்டா, கொழும்புதான் புள்ள."